‘ஏபிள்’ என்றால் ‘முடியும்’ மட்டும்தானா? ஆங்கில விகுதிகளைத் தமிழ் வழியாகவே படிக்கலாம்!

“ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவின் கீழ் வழக்குப்பதிவு.” வாரத்துக்கு நாலு முறையாவது இந்த வரி உங்கள் போனில் நோட்டிஃபிகேஷனாக வந்து விழும். அடுத்த சில நாட்களில் அதே ஆளைப் பற்றி இன்னொரு செய்தி வரும்: ‘நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது’. உடனே கமென்ட் பகுதி களைகட்டிவிடும். “முடியாதுன்னு சொன்னீங்களே, இப்ப எப்படி முடிஞ்சுது?” என்று ஒருவர் கேட்பார். “பணம் பாதாளம் வரைக்கும் பாயும் ப்ரோ” என்று இன்னொருவர் பதில் போடுவார்.

நீதிமன்றங்கள் மீது விமர்சனம் இருக்கலாம், அது வேறு விஷயம். ஆனால், இந்த ஒரு சந்தேகத்துக்குக் காரணம் நீதிபதி அல்ல, ஒரு சின்ன ஆங்கில விகுதி. ‘நான்-பெயிலபிள்’ என்ற சொல்லை யாரோ ஒரு காலத்தில் ‘ஜாமீனில் வெளிவர முடியாத’ என்று தமிழில் எழுத, தமிழ்ச் செய்தி உலகம் மொத்தமும் அதை அப்படியே பிடித்துக்கொண்டது.

சட்டம் சொல்வது வேறு. ‘பெயிலபிள்’ குற்றம் என்றால், ஜாமீன் என்பது கைதானவரின் உரிமை. உரிய பிணை கொடுக்க அவர் தயாராக இருந்தால் காவல் நிலையத்திலேயே விட்டாக வேண்டும். ‘நான்-பெயிலபிள்’ என்றால் அந்த உரிமை கிடையாது. ஜாமீன் கொடுப்பதா, வேண்டாமா என்று வழக்கின் தன்மையைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். அவ்வளவுதான் வித்தியாசம். 1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 436, 437 என்று அடுத்தடுத்த பிரிவுகளாக இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 478, 480. எண் மாறியது, அடிப்படை மாறவில்லை. உபா, போதைப்பொருள் தடுப்புச் சட்டம் போன்றவற்றில் ஜாமீன் கிடைப்பது ரொம்பவே கஷ்டம் என்பது உண்மைதான். அங்கேயும் சட்டம் கதவைக் குறுக்கி வைத்திருக்கிறதே தவிர, மொத்தமாகப் பூட்டிவிடவில்லை.

ஆக, ‘பெயிலபிள்’ என்ற சொல்லில் இருக்கும் ‘ஏபிள்’ சொல்வது ‘முடியும்’ என்று இல்லை. ‘உரிமை உண்டு’ என்று. நள்ளிரவில் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போகும்போது “நான்-பெயிலபிள் கேஸ்” என்று காதில் விழுந்தால், குடும்பம் என்ன நினைக்கும்? ‘இனி வெளியவே வர முடியாது’ என்று உடைந்துபோகும். வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே, நடுவில் புகுந்து “நான் பேசி முடிச்சுத் தர்றேன்” என்பவரை நம்பும். ஒரு விகுதியைத் தப்பாகப் படிப்பதற்கு இவ்வளவு விலை இருக்கிறது.

கூடிய, தக்க, உரிய, வேண்டிய

ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம், யூடியூப் வீடியோ, போட்டித் தேர்வு கைடு என எதைத் திறந்தாலும் ஒரு அட்டவணை இருக்கும். பெயரடைகளை, அதாவது அட்ஜெக்டிவ்களை உருவாக்கும் விகுதிகள். ‘ஃபுல்’ என்றால் நிறைந்த. ‘லெஸ்’ என்றால் இல்லாத. ‘ஏபிள்’ என்றால் முடியும். ‘அஸ்’ என்றால் உடைய. கீழே பத்து கோடிட்ட இடங்கள். நிரப்பிவிட்டால் பாடம் முடிந்தது.

இந்த அட்டவணை பொய் சொல்லவில்லை. பாதி வழியில் இறக்கி விட்டுவிடுகிறது, அதுதான் பிரச்சினை. ‘வாஷபிள்’ என்றால் துவைக்கக்கூடிய, ‘ரீசார்ஜபிள்’ என்றால் மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய. சரி. ‘அட்மைரபிள்’? அதை ‘பாராட்ட முடிந்த’ என்று யாராவது சொல்வோமா? ‘பாராட்டத்தக்க’ என்போம். ‘நோட்டபிள்’ என்றால் ‘குறிப்பிடத்தக்க’. ‘பனிஷபிள்’ என்றால் ‘தண்டிக்க முடிந்த குற்றம்’ இல்லை, ‘தண்டனைக்குரிய குற்றம்’. முதல் மாதச் சம்பளத்திலேயே எல்லாரும் சந்திக்கும் ‘டாக்ஸபிள் இன்கம்’, ‘வரிக்குரிய வருமானம்’. அடுத்த வரியில் வருகிற ‘டாக்ஸ் பேயபிள்’ என்பதை ‘கட்ட முடிந்த வரி’ என்று படித்துவிட்டு, “முடியல சார்” என்று வருமான வரித் துறைக்கு எழுத முடியாது. அது ‘கட்ட வேண்டிய வரி’. அக்கவுன்ட்ஸ் டீமில் இருப்பவர்களுக்கு இது அத்துப்படி: ‘பேயபிள்’ என்றால் நாம் கொடுக்க வேண்டியது, ‘ரிசீவபிள்’ என்றால் நமக்கு வர வேண்டியது.

கவனித்தீர்களா? ஆங்கிலம் ஒரே ‘ஏபிள்’-ஐ வைத்து ஒப்பேற்றும் இடத்தில் தமிழ் நாலு சொல் வைத்திருக்கிறது: கூடிய, தக்க, உரிய, வேண்டிய. எது எங்கே வரும் என்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. வாய் தானாகச் சொல்கிறது. ஆங்கிலத்தில் மறைந்து கிடக்கும் வித்தியாசத்தை வெளியே எடுத்துக் காட்டும் கருவி நம்மிடமே இருக்கிறது. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ‘ஏபிள் ஈக்வல்ஸ் முடியும்’ என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இதைத்தான் நான் சரியில்லை என்கிறேன்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வாருங்கள். ‘எடிபிள்’, ‘ஈட்டபிள்’ இரண்டையும் அட்டவணைப்படி பார்த்தால் ‘சாப்பிட முடிந்த’ என்று ஒரே பதில்தான். ஆனால் ‘எடிபிள்’ என்றால் உணவாகப் பயன்படுத்தத்தக்க, சாப்பிட்டால் உடம்புக்கு ஆபத்தில்லாத என்று பொருள். சமையல் எண்ணெயை ‘எடிபிள் ஆயில்’ என்பது அதனால்தான். ‘ஈட்டபிள்’ என்றால் வாயில் வைக்கும்படி இருக்கிறது என்று அர்த்தம். பல ஹாஸ்டல் மெஸ் சாம்பார்கள் எடிபிள்தான், ஈட்டபிள் இல்லை. (தியேட்டர் வாசலில் ‘அவுட்சைடு ஈட்டபிள்ஸ் நாட் அலவ்டு’ என்று போர்டில் பெயர்ச்சொல்லாகவும் வருவதுண்டு. உள்ளே விற்கும் பாப்கார்ன் விலையைப் பார்த்தபிறகு அந்த போர்டு மேல் கோபம் வருவது தனி.)

இன்னொரு சொல் ‘நெகோஷியபிள்’. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் ‘சேலரி நெகோஷியபிள்’ என்றால் பேசித் தீர்மானிக்கலாம். ரீல்ஸில் “என்னோட மார்னிங் வாக் நான்-நெகோஷியபிள்” என்றால் விட்டுக்கொடுக்க மாட்டேன். சரி, செக்கின் மேல் இரண்டு கோடு போட்டு ‘நாட் நெகோஷியபிள்’ என்று எழுதியிருந்தால்? ‘யாருக்கும் கைமாற்ற முடியாத செக்’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 130 சொல்வது வேறு. அந்தச் செக் கைமாறலாம். ஆனால், கொடுத்தவருக்கு அதன் மேல் எவ்வளவு உரிமை இருந்ததோ, அதைவிடக் கூடுதல் உரிமை வாங்கியவருக்கு வராது. திருடிய செக்கை ஒருவர் உங்களிடம் நல்லபடியாகத் தள்ளிவிட்டால், ‘எனக்குத் தெரியாதே’ என்று சொல்லி அந்தப் பணத்துக்கு நீங்கள் உரிமை கொண்டாட முடியாது. பணம் குறிப்பிட்ட ஆளின் கணக்கில்தான் போய்ச் சேர வேண்டும் என்றால் அதற்கு ‘அக்கவுன்ட் பேயி’ என்று எழுத வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைப்பது ஆபத்து. இங்கே ‘ஏபிள்’ மட்டுமில்லை, அதற்கு முன்னால் இருக்கும் வினைச்சொல்லும் ‘பேரம் பேசு’ என்ற பொருளில் வரவில்லை. ‘உரிமையோடு கைமாற்று’ என்ற பொருளில் வருகிறது. சொல்லை உடைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். உடைத்த துண்டுகளைத் திரும்ப ஒட்டும்போது பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி ஒரு குழப்பம்?

தமிழில் பெயரடை உருவாக்குவது ரொம்ப சுலபம். நல்ல, பெரிய, சின்ன, புதிய மாதிரி சில சொற்களை விட்டுவிட்டால், மற்றதுக்கெல்லாம் பெரும்பாலும் ‘ஆன’ போதும். அழகான, ஆபத்தான, மோசமான. வெளியிலிருந்து வந்த சொல்லையும் ‘ஆன’ விடாது: ஸ்மார்ட்டான பையன், கூலான ஆபீஸ், டென்ஷனான நேரம். ஒரே சாவி, எல்லாப் பூட்டும் திறக்கும். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறவர்தான் “ஏன் ‘டேஞ்சர்ஃபுல்’ வராது, ‘டேஞ்சரஸ்’தான் வரணும்?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

பதில் வரலாற்றில் இருக்கிறது. ‘ஃபுல்’, ‘லெஸ்’, ‘இஷ்’, ‘வுடன்’ என்பதில் வரும் ‘என்’ இதெல்லாம் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரசவையும் நீதிமன்றமும் சில நூற்றாண்டுகளுக்கு பிரெஞ்சு பேசின. அந்த வழியாக ‘ஏபிள்’, ‘அஸ்’, ‘அல்’, ‘இவ்’ வந்து சேர்ந்தன. ‘இக்’கின் மூலம் கிரேக்கம். ஆக ஒரே வீட்டில் மூன்று, நாலு குடும்பம் குடியிருக்கிறது. ஆளாளுக்கு ஒரு சாவிக் கொத்து. அதிலும் கலப்பு மணம் வேறு: ‘பியூட்டி’ பிரெஞ்சு, ‘ஃபுல்’ ஆங்கிலம், இரண்டும் சேர்ந்து ‘பியூட்டிஃபுல்’. ‘ரீட்’ ஆங்கிலம், ‘ஏபிள்’ பிரெஞ்சு; அது ‘ரீடபிள்’. அதனால், எந்தச் சொல்லுக்கு எந்த விகுதி என்று சொல்ல முழுமையான விதி எதுவும் கிடையாது. ‘இந்த ஒரே ட்ரிக் போதும்’ என்று தம்ப்நெயில் வைப்பவர்களை நம்ப வேண்டாம்.

இதில் ‘ஏபிள்’ இன்னும் உயிரோடு இருக்கும் விகுதி. எந்தப் புது வினைச்சொல்லோடும் ஒட்டும். ‘டூவபிள்’, ‘கிளிக்கபிள்’, ‘இன்ஸ்டாகிராமபிள்’ என்று நாளைக்கு ஒன்று பிறக்கிறது. ‘ரெஸ்பான்சிபிள்’, ‘எலிஜிபிள்’ போன்றவற்றில் வரும் ‘இபிள்’ அப்படியில்லை. அது லத்தீனிலிருந்து வந்த பழைய பட்டியல், புதிதாக அதில் யாரும் சேர்வதில்லை. ஸ்பெல்லிங்கில் ‘ஏ’வா ‘ஐ’யா என்று சந்தேகம் வந்தால், புதிய சொல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஏ’ போடலாம். பழைய சொல்லுக்கு ஸ்பெல்செக் இருக்கிறது.

ஹெல்ப்ஃபுல்லுக்கு எதிர்ச்சொல் ஹெல்ப்லெஸ் இல்லை

அட்டவணையில் ‘ஃபுல்’லும் ‘லெஸ்’ஸும் எதிரெதிர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். யூஸ்ஃபுல், யூஸ்லெஸ். கேர்ஃபுல், கேர்லெஸ். அதுவரை சரி. அந்த நம்பிக்கையில் கஸ்டமர் கேருக்கு ஒருவர் மெயில் போடுகிறார்: “யுவர் டீம் இஸ் ஹெல்ப்லெஸ்.” அவர் சொல்ல வந்தது ‘உங்க ஆட்கள் உதவவே இல்லை’. எழுதியது ‘உங்க ஆட்கள் பாவம், நாதியில்லாமல் நிற்கிறார்கள்’. கோபம் இரக்கமாக மாறிப் போய்ச் சேர்கிறது. அவருக்கு வேண்டிய சொல் ‘அன்ஹெல்ப்ஃபுல்’.

தமிழில் யோசித்திருந்தால் இது மாட்டியிருக்கும். ‘உதவுகிற’ என்பதற்கு எதிர்ப்பதம் ‘உதவாத’. ‘உதவியற்ற’ என்பது வேறு ஆள்: உதவி கிடைக்காதவர். ‘ஹெல்ப்லெஸ்’ அந்த இரண்டாவது ஆள்.

‘ஷேம்ஃபுல்’, ‘ஷேம்லெஸ்’ இன்னும் வேடிக்கை. ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கக் கூடாதுதானே? ஆனால் ஒரே செய்தியில் இரண்டும் வரலாம். செய்த காரியம் ஷேம்ஃபுல், செய்த ஆள் ஷேம்லெஸ். வெட்கக்கேடான செயல், வெட்கங்கெட்ட மனுஷன். நம் ஊர்த் திண்ணைகளில் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் திட்டுவதற்குப் பயன்படுத்தியே வந்திருக்கிறோம். ‘பிட்டிஃபுல்’ என்றால் பரிதாபத்துக்குரிய, ‘பிட்டிலெஸ்’ என்றால் இரக்கமற்ற. இதிலும் ஆள் மாறிவிடுகிறது: முதல் சொல் இரக்கத்தைப் பெறுகிறவருக்கு, இரண்டாவது அதைக் கொடுக்க மறுக்கிறவருக்கு.

‘ப்ரைஸ்லெஸ்’ என்பதைப் பார்த்து ‘விலையில்லாத, அதாவது மதிப்பில்லாத’ என்று எழுதும் மாணவர்கள் உண்டு. நம் ‘விலைமதிப்பற்ற’ என்ற சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று சொன்னால் ஒரே நொடியில் புரிந்துவிடும். விலை சொல்ல முடியாத அளவுக்கு உயர்ந்தது. மதிப்பே இல்லாதது ‘வொர்த்லெஸ்’. அதே மாதிரி ‘வேல்யூபிள்’-க்கு எதிர்ச்சொல் ‘இன்வேல்யூபிள்’ இல்லை. அது ஒரு படி மேலே.

இந்த ‘இன்’ விவகாரம் ரோட்டில் தினமும் நம் முன்னால் போகிறது. பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். ‘இன்’ என்றால் எதிர்மறை, ‘ஏபிள்’ என்றால் முடியும் என்று அட்டவணை வைத்துக் கணக்குப் போட்டால் ‘தீப்பற்றவே முடியாதது’ என்று விடை வரும். அர்த்தம் நேர் எதிர்: எளிதில் தீப்பற்றக்கூடியது. இந்த ‘இன்’ மறுப்பு இல்லை. தீ மூட்டு என்ற லத்தீன் வினைச்சொல்லின் பகுதி. இப்படி யாராவது தப்பாகப் படித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அமெரிக்காவின் தேசிய தீ பாதுகாப்புச் சங்கம் 1920-களிலேயே ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதும்படி வலியுறுத்தத் தொடங்கியது. ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களுக்கே இந்தத் தடுமாற்றம் இருந்திருக்கிறது என்பது நமக்கு ஒரு ஆறுதல்.

‘ஐ ஆம் போரிங்’ எங்கிருந்து வந்தது?

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர், வேலை எதுவும் ஒதுக்கப்படாமல் பெஞ்சில் இருக்கிறார். மேனேஜர் விசாரித்தால் “ஐ ஆம் போரிங், சார்” என்கிறார். மேனேஜர் சிரிக்கிறார். ‘நான் ஒரு அறுவை ஆள்’ என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. இன்டர்வியூவில் “ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்” என்று சொல்கிறவரும் உண்டு. இதற்காகவே ஒரு ஆளைக் குறைத்து மதிப்பிடும் பேனல்களும் உண்டு என்பதுதான் வருத்தம். கோடிங் தெரிந்தவரை இரண்டு எழுத்துக்காகக் கழித்துக்கட்டுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரிந்ததில்லை. ஆனாலும், வேலை தேடுகிறவர் அந்தப் பேனல் திருந்தும் வரை காத்திருக்க முடியாதே.

இந்தத் தவறு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். ‘எனக்கு போரடிக்குது’. இதில் ‘அடிக்குது’ நிகழ்காலம். நிகழ்காலம் என்றால் ‘இங்’ என்று பள்ளியில் படித்தாயிற்று. எனவே ‘போரிங்’. ‘எனக்கு’ என்பதை ‘ஐ’ என்று மாற்றியாயிற்று. முடிந்தது கதை.

“பாத்தியா, தமிழ்ல யோசிச்சா இப்படித்தான் ஆகும். இங்கிலீஷ்லயே யோசி” என்று உடனே அறிவுரை வரும். நான் இதை ஏற்கவில்லை. அவர் தமிழில் யோசித்ததால் தவறவில்லை, பாதி யோசித்ததால் தவறினார். முழுசாக யோசித்தால் தமிழே வழி காட்டுகிறது. ‘எனக்கு’, ‘அவனுக்கு’, ‘டீமுக்கு’ என்று ‘கு’ ஒட்டிக்கொண்டு வருபவர், உணர்வை அனுபவிப்பவர். அவருக்கு ‘ஈடி’ விகுதி (அமலாக்கத்துறை இல்லை, பயப்பட வேண்டாம்). அந்த உணர்வைக் கொடுக்கும் பொருளுக்கோ ஆளுக்கோ ‘இங்’. ‘எனக்கு மீட்டிங் போரடிக்குது’: நான் போர்டு, மீட்டிங் போரிங். ‘டீமுக்கு இந்த மெயில் குழப்பமா இருக்கு’: டீம் கன்ஃப்யூஸ்டு, மெயில் கன்ஃப்யூஸிங். ‘அவங்களுக்கு ரிசல்ட் ஏமாற்றமா இருந்துச்சு’: அவங்க டிஸப்பாயின்டட், ரிசல்ட் டிஸப்பாயின்டிங். ‘கு’ எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

பேசும்போது இவ்வளவு யோசிக்க நேரம் இருக்காது என்பது உண்மை. பேச்சில் வேகம் முக்கியம், தப்பு வந்தால் வரட்டும். மெயிலுக்கும் ரெஸ்யூமுக்கும் அந்த அவசரம் இல்லையே.

ரெஸ்பெக்டபிள் சார்

மெயில் என்றதும் ஞாபகம் வருவது ‘ரெஸ்பெக்டட் சார்’. ‘மரியாதைக்குரிய ஐயா’ என்ற தமிழ்க் கடித வழக்கம் ஆங்கில உடை போட்டுக்கொண்டது இது. வெளிநாட்டவர்கள் ‘டியர்’ என்று தொடங்குவார்கள். நம் நாட்டு அலுவலகங்களில் ‘ரெஸ்பெக்டட்’ தாராளமாகச் செல்லும். சிக்கல், சிலர் ‘உரிய’ என்பதற்கு ‘ஏபிள்’தானே என்று யோசித்து ‘ரெஸ்பெக்டபிள் சார்’ என்று எழுதும்போது வருகிறது. கிரிக்கெட்டில் ‘ரெஸ்பெக்டபிள் ஸ்கோர்’ என்றால் என்ன? ‘கௌரவமான ஸ்கோர்’. பெரிய ஸ்கோர் இல்லை, மானம் போகாத அளவுக்குத் தேறிய ஸ்கோர். அந்தச் சொல்லை மேலதிகாரிக்குப் போட்டால் ‘பரவாயில்லாத ஐயா’ என்கிற தொனி வந்துவிடும். ‘ரெஸ்பெக்ட்ஃபுல்’ என்றால் மரியாதை காட்டுகிற. ‘ரெஸ்பெக்டிவ்’ என்றால் மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ‘அவரவருக்குரிய’. ஒரே சொல்லிலிருந்து கிளம்பி மூன்று ஊருக்குப் போன பேருந்துகள்.

‘கன்சிடரேட்’ என்றால் கரிசனமுள்ள, ‘கன்சிடரபிள்’ என்றால் கணிசமான. கரிசனம், கணிசம் என்று தமிழில் எதுகை மாதிரியே அமைந்திருப்பதால் மறக்காது. “ப்ளீஸ் பி கன்சிடரபிள்” என்று லீவ் லெட்டரில் எழுதினால், ‘தயவுசெய்து கணிசமாக இருங்கள்’ என்று ஆகும். ‘சென்சிபிள்’ விவேகமானவர், ‘சென்சிட்டிவ்’ சட்டென்று மனம் நோகிறவர். ஒருவரே இரண்டாகவும் இருக்கலாம். ‘எகனாமிக்’ என்றால் பொருளாதாரம் சார்ந்த, ‘எகனாமிக்கல்’ என்றால் சிக்கனமான. பட்ஜெட்டில் வருவது எகனாமிக் பாலிசி, நல்ல மைலேஜ் தரும் பைக் எகனாமிக்கல். ‘ஹிஸ்டாரிக்’ என்றால் வரலாற்றுச் சிறப்புமிக்க, ‘ஹிஸ்டாரிக்கல்’ என்றால் வரலாறு சார்ந்த. எல்லா வெற்றியையும் ஹிஸ்டாரிக் என்று எழுதும் கட்சி பிரஸ் ரிலீஸ்களைப் பற்றித் தனியாக எழுதலாம்.

இதையெல்லாம் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்றால், தனிச் சொல்லாகப் படிக்காமல், பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லும் தமிழும் சேர்த்துப் போனில் நோட்ஸில் எழுதி வைக்கலாம். ‘பேயபிள் அமௌன்ட், கட்ட வேண்டிய தொகை’. ‘பெரிஷபிள் குட்ஸ், சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு’. ‘ரிலையபிள் சோர்ஸ், நம்பத்தக்க தகவல்’. நாளைக்கு இரண்டு போதும். ஐம்பது வரும்போதே ‘ஏபிள்’ எங்கே கூடிய, எங்கே தக்க என்று காதுக்குப் பிடிபட ஆரம்பித்துவிடும். ஐந்நூறு சொல் பட்டியலை பிடிஎஃப்பாக டவுன்லோடு செய்து வைத்துக்கொள்வதால் போன் மெமரிதான் நிறையும்.

‘லி’ என்று முடிந்தால் அட்வெர்ப் என்ற விதியையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ‘ஃப்ரெண்ட்லி’, ‘காஸ்ட்லி’, ‘டைம்லி’, ‘லவ்லி’ எல்லாமே பெயரடைகள். “ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி” என்று எழுதாமல் “இன் எ ஃப்ரெண்ட்லி வே” என்று சுற்றி வளைத்துத்தான் எழுத வேண்டும். ஆங்கிலத்துக்கே இங்கே கை கட்டித்தான் இருக்கிறது.

கடைசியாக ‘இஷ்’. ஆளோடு சேர்ந்தால் பெரும்பாலும் நக்கல்: ‘சைல்டிஷ்’ என்றால் சிறுபிள்ளைத்தனமான. அப்ரைசலில் ஒருவரைப் பற்றி இதை எழுதினால் சண்டைதான் வரும். குழந்தை மாதிரி கள்ளமில்லாதவர் என்று பாராட்ட நினைத்தால் ‘சைல்ட்லைக்’. நேரத்தோடு சேர்ந்தால் ‘இஷ்’ சாதுவாகிவிடும். “கால் அட் சிக்ஸ்-இஷ்” என்று கிளையன்ட் மெசேஜ் அனுப்பினால், ‘ஆறு மணி வாக்குல பேசலாம்’ என்கிறார் என்று அர்த்தம். ‘வாக்குல’ என்பதை நாம் அரசு விண்ணப்பத்தில் எழுத மாட்டோம் இல்லையா, ‘இஷ்’ஷும் அதே ரகம்தான். கிளையன்ட் எழுதலாம். நீங்கள் பதில் போடும்போது ‘அட் சிக்ஸ்’ என்றே எழுதி, காலண்டர் இன்வைட்டும் அனுப்பிவிடுங்கள்.